அப்பாவின் சி.ஜி.யும் 28 மில்லிமீற்றர் வாயும்

2022 ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை இரவு. அப்பா மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் வந்தார். சேட் முழுக்க வேர்வை. "என்னப்பா நடந்தது?" எண்டு கேட்டேன். "பெற்றோல் முடிஞ்சுது தம்பி" எண்டுபோட்டுக் கிணத்தடிக்குப் போய்விட்டார். மருதனார்மடத்தில் நிண்ட வண்டியை ஏழாலை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அடுத்தநாள் அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்த மாதம்தான் கியூ.ஆர். முறை நாடு முழுக்க வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அப்பாவுக்கு யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் வேலை. போக 13 கிலோமீற்றர், வர 13. ஆறு நாளுக்கு 156. எங்கட ஹொண்டா சி.ஜி. 125 லீற்றருக்கு 45 ஓடின வண்டி. 4 லீற்றரில் 180 ஓடியிருக்க வேணும். கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரக்கூட மிஞ்சியிருக்கும். அது வியாழக்கிழமையே நிண்டதுக்கு நாட்டைக் குறை சொல்ல ஏலாது. எட்டு மாதத்துக்கு முதல் நான் அதில் பூட்டிவிட்ட காபரேற்றர்தான் காரணம்.

சி.ஜி.யைத் தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் சொல்லவேணும். ஹொண்டா 1970களின் நடுவில் கொண்டுவந்த வண்டி. ஒற்றைச் சிலிண்டர், 124 சி.சி., வால்வுகளை நீளக் கம்பிகளால் தள்ளித் திறக்கிற பழைய முறை. அப்பவே ஹொண்டாவிடம் இதைவிட நவீனமான என்ஜின்கள் இருந்தன. ஒழுங்காக ஒயில் மாற்றாமல், பாரம் ஏற்றி, மோசமான றோட்டில் ஓடுகிற நாடுகளுக்கென்று வேணுமெண்டே எளிமையாகச் செய்த வண்டி இது. எங்களுக்கெண்டே செய்தது மாதிரி. அப்பா இதை 2003இல் செக்கன்ட் ஹான்டாக வாங்கினார். நான் அதில் முன்னுக்கு, தாங்கிக்கு மேல் இருந்து வளர்ந்தவன்.

எனக்கு அந்த எளிமை அப்ப பிடிக்கவில்லை. கூட்டாளிமாரிடம் பல்சரும் எஃப்.இசட்.டும் இருந்தது. மல்லாகம் தாண்டினால் வாற நேர் றோட்டில் அவங்கள் சிரிச்சுக்கொண்டு விட்டிட்டுப் போவாங்கள். யூரியூப்பில் இந்தோனேசியப் பெடியங்களும் பிலிப்பீன்ஸ் பெடியங்களும் எங்கட மாதிரிச் சின்ன வண்டிகளுக்குப் பெரிய காபரேற்றர் பூட்டிப் பறக்கிற வீடியோக்கள் கிடந்தன. எல்லாரும் சொன்ன பெயர் ஒன்றுதான்: கெய்ஹின் பி.டபிள்யூ.கே. 28. முதல் சம்பளம் வந்த கையோடு ஓடர் பண்ணினேன். பதினோராயிரம் ரூபாய்.

வந்த சாமானில் கெய்ஹின் எண்டு வடிவா எழுதியிருந்தது. அந்த எழுத்தைத் தவிரக் கெய்ஹினுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டு பிறகு தெரிஞ்சது. ஜெற்றில் இலக்கம் அடித்திருக்கவில்லை. சிலைட்டை உள்ளே விட்டு ஆட்டினால் கடகட எண்டது. இதெல்லாம் இப்ப சொல்லுறன். அண்டைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது அந்த அகலமான வாய் மட்டும்தான். பழைய எயர் ஃபில்ரர் பெட்டியைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஒரு கூம்பு ஃபில்ரரையும் மாட்டினேன்.

சத்தம் நல்லா இருந்தது. அதை மறைக்க மாட்டேன். முழுக்கத் திருகினால் வண்டி முந்திக் காணாத மாதிரி இழுத்தது. ஆனால் சிக்னலில் நிண்டு எடுக்கேக்க ஒருக்கா மூச்சுத் திணறி, "ப்வா" எண்டு தாண்டு, பிறகுதான் எழும்பும். "அது அப்பிடித்தான் அப்பா, பெர்ஃபோமன்ஸ் காபரேற்றர்" எண்டு சொன்னேன். அப்பா ஒண்டும் சொல்லவில்லை. அவர் பெரும்பாலும் ஒண்டும் சொல்லமாட்டார்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு, வெள்ளியும் சனியும் அவர் சைக்கிளில் வேலைக்குப் போனார். அடுத்த கிழமை 4 லீற்றர் அடித்த கையோடு நான் கணக்குப் பார்த்தேன். லீற்றருக்கு 27. மொத்தம் 108 கிலோமீற்றர். நாலு நாள் வேலைக்குப் போய்வர 104.

வண்டியைக் கொண்டுபோன இடம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற சின்னக் கராச். ஐயாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். வண்டியைச் சுத்திவந்து பார்த்தார். ஸ்ராட் பண்ணச் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது ஆர் ஓடுற வண்டி?"

"அப்பா, ஐயா."

"கொப்பர் றேஸ் ஓடுறவரோ?"

பக்கத்தில் ரயர் கழட்டிக்கொண்டிருந்த பெடியன் சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்குள்தான் முழு விசயமும் இருந்தது.

காபரேற்றர் பெற்றோலைத் தள்ளுகிற பம்ப் இல்லை. பிஸ்டன் கீழே இறங்கேக்க காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று காபரேற்றரின் ஒடுங்கின கழுத்துக்குள்ளால் வேகமாகப் போகேக்க அங்கே அழுத்தம் குறையும். கீழே கோப்பைக்குள் நிற்கிற பெற்றோல் அந்தக் குறைவுக்கு மேலே எழும்பி, காற்றோடு தூவலாகக் கலந்து உள்ளே போகும். காற்றின் வேகம்தான் பெற்றோலைத் தூக்குகிறது. கழுத்தை அகலமாக்கினால் அதே அளவு காற்று மெதுவாகப் போகும்.

எவ்வளவு மெதுவாக? வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போகும் எண்டு ஓ.எல்.லில் படிச்சதுதான். எங்கட பழைய காபரேற்றரின் வாய் 22 மில்லிமீற்றர். பரப்பு 380 சதுர மில்லிமீற்றர். 28இன் பரப்பு 616. வாய் ஆறு மில்லிமீற்றர்தான் கூடினது, பரப்பு 62 வீதம் கூடிவிட்டது. இந்த என்ஜின் நிமிசத்துக்கு 9000 சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 560 லீற்றர் காற்றை இழுக்கும். நாலு ஸ்ரோக் எண்டபடியால் இரண்டு சுற்றுக்கு ஒருக்காத்தான் மூச்சு. 9000இல் அந்தப் பெரிய வாய்க்கு ஒரு வேலை இருக்கிறது. ஆனால் 3000 சுற்றில் இழுக்கிறது மூன்றில் ஒரு பங்குதான். திடீரெண்டு திருகினால் சிலைட் மேலே போய் வாய் அகலத் திறக்கும், காற்று சோம்பி நிற்கும், பெற்றோல் எழும்பாது. அதுதான் அந்த "ப்வா". அந்த இடைவெளியை மறைக்க நான் நீடிலையும் தூக்கி, பெரிய ஜெற்றையும் போட்டிருந்தேன். மறைந்தது. கூடவே பெற்றோலும் மறைந்தது.

இன்னொன்று: பி.டபிள்யூ.கே. எண்ட வகையை அதிகம் கண்டது இரண்டு ஸ்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகளில். அந்த வண்டிக்காரன் எக்சிலேற்றரை ஒண்டில் மூடி வைத்திருப்பான், இல்லாட்டில் முழுக்கத் திறந்திருப்பான். அப்பா கே.கே.எஸ். வீதியில் 40, 45இல் மேல் கியரில் போகிறவர். அவருடைய கை எட்டில் ஒரு பங்குக்கும் கால்வாசிக்கும் இடையில்தான் சீவிக்கிறது. முழுக்கத் திருகேக்க என்ன நடக்கும் எண்டு பார்த்துத்தான் நான் வாங்கினேன். அப்பாவுக்கு வருசத்தில் ஒருக்காக்கூட அது தேவைப்பட்டிருக்காது.

ஐயா அந்தச் சாமானைக் கழட்டி மேசையில் வைத்துவிட்டு, "பழசு எங்க?" எண்டார். நல்லகாலம், பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தேன். அடுத்தநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதில் கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்க வேணும். அந்த ஐயா காபரேற்றர் படித்தது 1990களில். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, இருந்தாலும் வாங்க ஏலாத விலை. யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின எண்டு எல்லார் வீட்டிலும் கதை இருக்கும். ஆனால் எப்படி ஓடின எண்டு நான் அதுவரைக்கும் யோசித்ததில்லை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றர் வாய்க்குள் பீச்சி, உதைத்து ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடாகினதும் மண்ணெண்ணெயில் விடவேணும். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, என்ஜின் தட்டும். அதுக்காக ஹெட்டுக்குக் கீழே மேலதிகமாக ஒரு கஸ்கற் வைத்துக் கொம்பிறசனைக் குறைப்பார்களாம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் பக்கத்தால் இறங்கி ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கிவிடும். ஜெற் வாங்க இடமில்லை. இருக்கிற ஜெற்றின் ஓட்டையை ஈயம் உருக்கி அடைத்து, திரும்பத் துளைப்பது. துளை சரியோ எண்டு பார்க்கக் கருவி இல்லை. ஓடிப் பார்த்து, ப்ளக்கைக் கழட்டிப் பார்க்கிறதுதான் கருவி.

"உங்களுக்கு ஜெற் கடையில பைக்கற்றில வருது. நீங்கள் வாசிச்சுப் பாக்காமலே போடுறியள்" எண்டார். கோவமாகச் சொல்லவில்லை.

பழைய காபரேற்றரைப் பிரித்துக் காட்டினபோதுதான் எனக்கு இன்னொரு விசயம் விளங்கியது. வலிகாமத்துச் செம்மண் தூசி இருபது வருசமாக அதுக்குள் வேலை செய்திருக்கிறது. நீடில் மேலும் கீழும் போய்வந்து, அது நிற்கிற குழாயின் ஓட்டையை நீள்வட்டமாக அரைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அரைப்புத்தான். ஆனால் கால்வாசித் திறப்பில் பெற்றோல் போகிறதே நீடிலுக்கும் அந்தக் குழாய்க்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியால்தான். அது கொஞ்சம் அகன்றாலே வண்டி பெற்றோலைக் குடிக்கும். ஆக, புதுசு வாங்க முதல் நான் பழசைப் பார்த்திருக்க வேணும். நீடிலும் அந்தக் குழாயும் சேர்ந்த கிற் ஒன்றை மாற்றினாலே பாதிப் பிரச்சினை போயிருக்கும். கூம்பு ஃபில்ரர் மாட்டினது அதைவிட மடைத்தனம். அது தூசியை அழைத்து உள்ளுக்கு விடுகிற மாதிரி. எறிந்த பெட்டிக்குப் பதிலாக வேறொன்று தேட எனக்கு மூன்று கிழமை சென்றது.

பைலற் ஜெற்றைத் துப்புரவாக்க நான் ஊக்குப்பின்னை எடுத்தேன். ஐயா கையைத் தட்டிவிட்டார். கெய்ஹின் ஜெற்றில் 38 எண்டால் ஓட்டை 0.38 மில்லிமீற்றர். இரும்புக் கம்பியால் ஒருக்காக் குத்தினால் அது 38 இல்லை, வேறென்னவோ. கரண்ட் வயரில் ஒரு செம்பு இழையை உருவி எடுத்து, மெதுவாக விட்டு, காற்றடிக்க வேணும். கோப்பைக்குள் பெற்றோல் எந்த மட்டத்தில் நிற்கிறது எண்டு பார்க்க, கீழே வடிகிற குழாயில் ஒரு தெளிவான பிளாஸ்ரிக் ரியூப்பைச் செருகி மேலே பிடித்துக் காட்டினார். தண்ணி மட்டம் பார்க்கிற மேசன்மாரின் அதே வித்தை. பிறகு இன்சுலேற்றர் பக்கத்து ஓ-றிங். அது காய்ந்து வெடித்திருந்தது; அதுக்குள்ளால் கள்ளக் காற்றுப் போனால் எந்த ஜெற் போட்டும் பிரயோசனமில்லை.

அடுத்த ஆறாவது நாள் தாங்கியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. லீற்றருக்கு 46.

இத்தோடு நான் திருந்திவிட்டேன் எண்டு நினைக்கவேண்டாம். ஆசை போகவில்லை. 2023 செப்ரெம்பரில் கியூ.ஆர். கட்டுப்பாடு எடுபட்ட பிறகு, கொழும்புக்குப் போன ஒரு நாளில் பஞ்சிகாவத்தையில் அலைந்து, பழசானாலும் உண்மையான ஒரு மிக்குனி வி.எம். 24 எடுத்தேன். இந்த முறை சத்தத்தைக் கேட்டு வாங்கவில்லை. 24இன் பரப்பு 452. பழசைவிட 19 வீதம்தான் கூட. என்ஜினின் வாசல் ஓட்டையை வேர்னியரால் அளந்து, அதோடு படி விழாமல் பொருந்துகிற மாதிரி, ஸ்ரட் இரண்டுக்கும் இடைத்தூரம் சரியோ எண்டும் பார்த்துத்தான் காசைக் கொடுத்தேன். கடைக்காரர் நான் ஏதோ நகை வாங்குகிறேன் எண்டு நினைத்திருப்பார்.

ரியூன் பண்ணுகிற வேலையை ஐயா செய்யவில்லை. "நீயே செய். பிழைச்சால் கொண்டுவா" எண்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு, ஏழாலைக்கும் குப்பிழானுக்கும் இடையில் தோட்டத்து றோட்டில். வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது.

செய்ய நினைக்கிற ஆக்களுக்காக, எனக்குப் பிடிபட்ட விதத்தைச் சொல்லுகிறேன். எக்சிலேற்றர் பிடியில் வெள்ளை ரேப் ஒட்டி, மூடின இடம், கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி எண்டு பேனையால் கோடு போட்டேன். இது இல்லாட்டில் எல்லாம் குருட்டு வேலை. ஏனெண்டால் காபரேற்றரின் ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு திறப்பில் பேசும். மூடினதில் இருந்து எட்டில் ஒரு பங்கு வரைக்கும் பைலற் ஜெற்றும் எயர் ஸ்குறூவும். கால்வாசி வரைக்கும் சிலைட்டின் வெட்டு. அங்கேயிருந்து முக்கால்வாசி வரைக்கும் நீடில். அதுக்கு மேலேதான் மெயின் ஜெற். எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும், ஆனாலும் எந்தத் திறப்பில் இடறுகிறதோ அந்த உறுப்பைத்தான் பிடிக்க வேணும். அப்பாவின் கை நிற்கிற இடத்தில் பிழையை வைத்துக்கொண்டு நான் முந்தி மெயின் ஜெற்றோடு மல்லுக்கட்டினது, பல்லுக் கொதிக்குது எண்டு காலுக்கு மருந்து போட்ட கதை.

மெயின் ஜெற்றில் ஒரு பொறி இருக்கிறது. கெய்ஹினின் இலக்கம் ஓட்டையின் அளவு. மிக்குனியின் அறுகோண ஜெற்றின் இலக்கம் அதுக்குள்ளால் எவ்வளவு ஓடும் எண்டதன் அளவு. இரண்டிலும் 100 எண்டு அடித்திருக்கும், இரண்டும் ஒன்றில்லை. கூட்டாளி ஒருத்தனின் வண்டியில் இருந்த இலக்கத்தைப் பார்த்து அதையே வாங்கிப் போடுகிற ஆக்கள் இதில்தான் விழுகிறது. ஸ்குறூவிலும் அப்படி ஒரு குழப்பம். ஸ்குறூ ஃபில்ரர் பக்கம் இருந்தால் அது காற்றை ஆளும், உள்ளே இறுக்கினால் பெற்றோல் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெற்றோலை ஆளும், வெளியே தளர்த்தினால்தான் கூடும். எது எங்கே எண்டு பார்க்காமல் திருகினால் நேர் எதிர்ப் பக்கம் போய்க்கொண்டிருப்பீர்கள்.

என்ஜினை நல்லாச் சூடாக்கி, சிலோ கூடுதலாக வருகிற இடத்தை ஸ்குறூவால் தேடினேன். முழுக்க இறுக்கி, பிறகு ஒண்டரைச் சுற்றுத் தளர்த்தின இடத்தில் சீராக நிண்டது. அது அரைச் சுற்றில் வந்திருந்தால் பைலற் ஜெற் சின்னன், மூண்டு சுற்றில் வந்திருந்தால் பெருசு எண்டு அர்த்தம். மெயின் ஜெற் 115இல் தொடங்கினேன். வேணுமெண்டே கூடுதலாக. பெற்றோல் கூடினால் வண்டி சோம்பும், புகைக்கும், அவ்வளவுதான். குறைந்தால் என்ஜின் கொதித்துப் பிஸ்டனே போகலாம். அதனால் மேலே இருந்துதான் இறங்க வேணும். முழுக்கத் திறந்து ஓடி, அப்படியே கிளச்சைப் பிடித்து, சுவிச்சை அடித்து, உருண்டு நிண்டதும் ப்ளக்கைக் கழட்டிப் பார்ப்பேன். 115இல் கரி. 105இல் கடும் மண்ணிறம். 100இல் பால் கூடின தேத்தண்ணி நிறம். அதோடு விட்டேன். நீடிலின் கிளிப்பை நடுக்காடியில் இருந்து ஒரு காடி மேலே ஏற்றினேன். நீடில் கீழே இறங்கி, அந்த 40, 45 வேகத்தில் பெற்றோல் குறைந்தது. எல்லாத்தையும்விட அந்த ஒரு காடிக்குத்தான் கனக்க ஓடிப் பார்த்தேன்.

இந்த இலக்கங்களை அப்படியே எடுத்துப் போடவேண்டாம். எங்கட ஏழாலை கடல்மட்டத்துக்குக் கிட்ட. என்னோடு கம்பஸில் படித்த நுவரெலியாப் பெடியன் ஒருத்தன் இங்கே செற் பண்ணின வண்டியை லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோனான். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், காற்றின் அழுத்தம் இங்கத்தையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைய, பெற்றோல் மிஞ்சிப்போய், ஏற்றத்தில் கறுப்பாகப் புகைத்துக்கொண்டு போச்சுதாம். வீட்டில் வண்டியை வித்துப்போடு எண்டு சொல்லிவிட்டார்கள். சின்ன மெயின் ஜெற் ஒன்று போட வேண்டிய விசயம்.

சரி, 24 பூட்டி வண்டி பறந்ததோ? இல்லை. உச்ச வேகம் கூடினதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு பேர் இருந்து போகேக்க 60இல் இருந்து 75க்கு முந்தி யோசித்து யோசித்துப் போகும். இப்ப கேட்டவுடன் போகிறது. பஸ்ஸை முந்தேக்க அந்த வித்தியாசம் தெரியும். அதுக்கு மேலே போக எனக்கே விருப்பமில்லை, முன்னுக்கு இருக்கிறது பழைய ட்ரம் பிரேக். லீற்றருக்கு 41. பழைய 22ஐவிட ஐந்து குறைவு. அந்த ஐந்தை நான் மறைக்கவில்லை, அப்பாவிடம் முதலே சொன்னேன்.

அவர் ஒரு நாள் வேலைக்குக் கொண்டுபோய் வந்தார். படலைக்குள் ஓடித்தான் வந்தார். ஹெல்மெற்றைக் கழட்டினபடி, "இணுவிலடியில ஒரு இழுவை இழுத்துது. கொஞ்சம் துடிப்பாத்தான் இருக்கு" எண்டார். பிறகு, "22 பத்திரமா இருக்கோ?" எண்டு கேட்டார். இருக்கு, கழுவி, ஒயில் பூசி, அதே பிஸ்கற் ரின்னுக்குள்.

28ஐ ஒருத்தன் பேஸ்புக்கில் கேட்டான். அனுப்பிவிடப் பார்சல் கட்டினேன், பிறகு மனம் வராமல் அவிழ்த்துவிட்டேன். அது இப்ப மேசையில் பேனை போட்டு வைக்கிற சாமான்.

2023 செப்ரெம்பரில் பெற்றோல் செட்டில் கியூ.ஆர். கட்டுப்பாடு எடுபட்டது. ஆனாலும் அப்பா இப்பவும் வியாழக்கிழமை காலையில் வெளிக்கிட முதல் தாங்கி மூடியைத் திறந்து, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டி, காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்.